வெளிச்சத்தோடு வழக்கு

முன்பெல்லாம் தீபாவளி நெருங்கினால் வீடுகளில் ஜவுளியைப் பற்றித்தான் விவாதம் நடக்கும். யாருக்குப் பட்டு, யாருக்கு நூல், மாப்பிள்ளைக்கு என்ன கரை வேஷ்டி என்பதோடு சச்சரவு முடிந்துவிடும். இப்போது அந்த இடத்தை வேறொரு பிரச்னை பிடித்துக்கொண்டிருக்கிறது. கையில் போனஸ் வந்திருக்கிறது. கூடத்துச் சுவர் காலியாக இருக்கிறது. அதில் பெரிய டெலிவிஷன் ஒன்றை மாட்டுவதா, அல்லது புரொஜெக்டர் ஒன்றை வாங்கிச் சுவர் முழுவதும் படம் காட்டுவதா என்பதே அந்தப் பிரச்னை.

பள்ளிக்கூட வாத்தியாருக்குச் சகல விஷயங்களைப் பற்றியும் ஓர் அபிப்பிராயம் இருந்தே தீரவேண்டும் என்று நம்மவர்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. பெண்ணை எந்தக் காலேஜில் சேர்ப்பது என்பதிலிருந்து கிணற்றுக்கு எந்த மோட்டார் போடுவது என்பது வரையில் நம்மிடம் வந்து கேட்பார்கள். ஆகவே இந்தக் கேள்வியும் நம்மிடம் வந்து சேர்ந்ததில் வியப்பில்லை. கேட்டவர்கள் எல்லோரும் அங்குலக் கணக்கையும் ரூபாய்க் கணக்கையும் விரல் நுனியில் வைத்திருந்தார்கள். கடைக்காரர் கொடுத்த வர்ணப் படங்களையும் கொண்டுவந்திருந்தார்கள். ஆனால் தங்கள் கூடத்தில் எத்தனை ஜன்னல்கள் இருக்கின்றன, அவை எந்தத் திசையைப் பார்க்கின்றன என்பதை ஒருவராவது சொல்லவில்லை. இந்த வழக்கில் முதலில் விசாரிக்கவேண்டிய சாட்சி அந்த ஜன்னல்தான்.

சினிமா நம் பக்கத்துக்கு வந்த கதையைச் சற்று நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். திருச்சியில் ரெயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ஆம் ஆண்டில் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து சினிமா யந்திரத்தையும் படங்களையும் விலைக்கு வாங்கிக்கொண்டு ஊர் ஊராகப் புறப்பட்டார். அவர் வகுத்த வழியில் பிற்காலத்தில் எத்தனையோ டூரிங் கொட்டகைகள் கிராமங்களுக்கு வந்தன. அந்தக் கொட்டகைகளில் பகலாட்டம் கிடையாது. கூரை கீற்று, பக்கங்களில் தட்டி. வெயில் நுழைய நூறு வழி. பொழுது சாய்ந்து, ஒலிபெருக்கியில் இசைத்தட்டு பாட ஆரம்பித்த பிறகுதான் ஜனங்கள் வீட்டிலிருந்து கிளம்புவார்கள். கொட்டகைக்காரர் பௌதிகம் படித்தவரல்லர். இருந்தாலும் சூரியனோடு போட்டி போட்டு ஜயிக்க முடியாது என்பதை அவர் நன்றாக அறிந்திருந்தார். பட்டணத்தில் பகலாட்டம் நடத்த விரும்பியவர்களோ, ஜன்னலே இல்லாத கட்டடங்களைக் கட்டினார்கள்.

டெலிவிஷனின் வரலாறு வேறு. டில்லியில் 1959-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் தேதி சோதனையாக ஆரம்பித்த அது, சென்னைக்கு வந்து சேர்ந்தது 1975-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் தேதியன்று. தியேட்டரைப்போல் தனக்கென்று ஓர் இருட்டறை வேண்டும் என்று அது கேட்கவில்லை. விளக்கெரிகின்ற கூடத்தில், காபி குடிப்பவர்களுக்கும் பூக்கட்டுகிறவர்களுக்கும் நடுவில், மேஜைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. முதலில் கறுப்பு வெள்ளை; 1982-ல் வர்ணம். 2006-ஆம் ஆண்டில் தமிழக அரசு இலவசமாக வழங்கத் தொடங்கிய வர்ணப் பெட்டி 14 அங்குல அளவுள்ளது. இன்று மத்தியதர வகுப்புக் குடும்பங்கள் விலை விசாரிக்கும் 75 அங்குல டெலிவிஷனின் பரப்பு, அந்தப் பெட்டியின் பரப்பைப்போல் சுமார் 25 மடங்கு. அளவு இவ்வளவு வளர்ந்துவிட்டபடியால்தான், சினிமாக் கொட்டகையின் யந்திரமும் கூடத்துப் பெட்டியும் ஒரே சுவருக்காக மோதிக்கொள்ளும் நிலைமை ஏற்பட்டிருக்கிறது.

இனி இரண்டும் வேலை செய்யும் விதத்தைப் பார்ப்போம்.

ஓவியர் கறுப்பு வேண்டுமென்றால் கறுப்பு மையைத் தொட்டுத் தீட்டுகிறார். புரொஜெக்டரிடம் அந்த வித்தை இல்லை. ஒளியைச் சுவரில் வீசுவது ஒன்றுதான் அதற்குத் தெரியும். கறுப்பு ஒளி என்று உலகத்தில் ஒன்றும் கிடையாதல்லவா? ஆகையால் கதாநாயகியின் கூந்தல், இரவு வானம், வில்லனின் கோட்டு ஆகிய இடங்களில் அது ஒளியை வீசாமல் சும்மா இருந்துவிடுகிறது. அந்த இடத்தில் சுவர் எப்படி இருக்கிறதோ, அதுதான் படத்தின் கறுப்பு. அறை இருட்டாக இருந்தால் சுவரும் இருட்டு. கூந்தல் கறுப்பாகத் தெரியும். அறையில் பகல் வெளிச்சம் இருந்தால் சுவர் வெளுப்பு. கதாநாயகிக்குப் படம் முழுவதும் நரைத்த தலைதான்.

இதைச் சோதித்துப் பார்க்கக் காசு செலவில்லை. பகல் பதினொரு மணிக்கு உங்கள் கூடத்து வெள்ளைச் சுவரைப் பாருங்கள். புரொஜெக்டர் வாங்கினால் அந்த வேளையில் நீங்கள் காணக்கூடிய மிகக் கறுத்த கறுப்பு அதுவேதான். எத்தனை ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்தாலும் யந்திரம் அந்தச் சுவரை அதைவிடக் கறுப்பாக்கிக் காட்டாது. வெள்ளையைத்தான் இன்னும் வெள்ளையாக்கிக் காட்டும்.

கொஞ்சம் கணக்கும் போட்டுவிடுவோம். புரொஜெக்டர் வெளியே விடும் மொத்த ஒளியை லூமென் என்ற அளவால் சொல்லுகிறார்கள். அந்த ஒளி ஒரு சதுர மீட்டர் பரப்பில் எவ்வளவு விழுகிறது என்பதற்கு லக்ஸ் என்று பெயர். ஒரு குடம் தண்ணீரைச் சிறிய தொட்டியில் ஊற்றினால் ஆழமாக நிற்கும். முற்றம் முழுவதும் கொட்டினால் பாதம்கூட நனையாது. ஒளியும் அப்படித்தான். மூலைக்கு மூலை 100 அங்குலம் உள்ள படம் சுமார் ஏழேகால் அடி அகலமும் நாலு அடி உயரமும் இருக்கும். பரப்பு ஏறக்குறைய இரண்டே முக்கால் சதுர மீட்டர். மெய்யாகவே 3000 லூமென் தரும் யந்திரம் ஒன்று இந்தப் பரப்பில் சுமார் 1090 லக்ஸ் ஒளியைத் தருகிறது.

இரவில் விளக்குகளை அணைத்துவிட்டு, அடுத்த அறையிலிருந்து வரும் மங்கல் வெளிச்சம் மட்டும் சுவரில் 10 லக்ஸ் விழுகிறதென்று வைத்துக்கொள்வோம். அப்போது வெள்ளை 1100, கறுப்பு 10. வெள்ளை கறுப்பைவிட நூறு மடங்குக்கு மேல் பிரகாசமாக இருக்கிறது. படம் அருமையாகத் தெரியும். விளக்குகள் நன்றாக எரியும் அறையில் சுவரில் 300 லக்ஸ் இருக்கலாம். அப்போது வெள்ளை 1390, கறுப்பு 300. மடங்கு ஐந்துக்கும் கீழே இறங்கிவிட்டது. ஜன்னலுக்கு அருகிலுள்ள சுவரில் பகலில் 1000 லக்ஸ் விழுவது சாதாரணம். அப்போது வெள்ளை 2090, கறுப்பு 1000. ஏறக்குறைய இரண்டே மடங்கு. சரியாகத் துடைக்காத கரும்பலகையில் எழுதினால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும் அந்தப் படம். நமது தொழிலில் அந்தக் காட்சியை நாம் தினந்தோறும் பார்ப்பதால் நிச்சயமாகச் சொல்ல முடிகிறது.

"அப்படியானால் படத்தைச் சிறிதாக்கிக்கொள்ளலாமே?" என்று கேட்கலாம். செய்யலாம். 100 அங்குலத்தை 50 அங்குலமாக்கினால் பரப்பு நாலில் ஒன்றாகிறது. ஒளி நாலு மடங்காகிறது. ஆனால் 50 அங்குலப் படம்தான் வேண்டுமென்றால், அதற்கு டெலிவிஷனையே வாங்கிவிடலாமே! பெரிய படத்துக்காக வாங்கிய யந்திரத்தில் சின்னப் படம் பார்ப்பது, யானையை வாங்கி வண்டியில் பூட்டியதுபோல் ஆகிவிடும்.

லூமென் விஷயத்தில் இன்னும் ஓர் எச்சரிக்கை அவசியம். மலிவான யந்திரங்களின் விளம்பரங்களில் எட்டாயிரம், பத்தாயிரம் லூமென் என்று கண்ணைப் பறிக்கும் எண்கள் வருகின்றன. அவற்றில் பல, யந்திரத்துக்குள்ளே இருக்கும் விளக்கின் பெருமையைச் சொல்லுகின்றன. திரையில் வந்து விழும் ஒளியை அல்ல. ஆன்ஸி லூமென் என்றோ ஐ.எஸ்.ஓ. லூமென் என்றோ குறிப்பிட்டிருக்கிறதா என்று கேளுங்கள். ஆன்ஸி முறையில், திரையை ஒன்பது சம பாகங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நடுவிலும் ஒளியை அளந்து, சராசரி கண்டு கணக்கிடுகிறார்கள். அந்தப் பெயரைச் சொன்னவுடன் கடைக்காரர் பேச்சை மாற்றினால், நீங்கள் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம்.

வெளிச்சத்தை விலக்கும் விசேஷத் திரைகளும் வந்திருக்கின்றன. அவற்றை மறைத்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வது நியாயமல்ல. சுவருக்கு மிக அருகிலேயே, தாழ்ந்த மேஜைமேல் வைத்து, கீழிருந்து மேல்நோக்கி ஒளி வீசும் புரொஜெக்டர்கள் உண்டு. அவற்றுக்கான திரையின் முகத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய படிகள் இருக்கின்றன. கீழிருந்து வரும் யந்திரத்தின் ஒளியை அவை பார்ப்பவர்களை நோக்கித் திருப்புகின்றன. மேலே கூரை விளக்கிலிருந்து வரும் ஒளியை விழுங்கிவிடுகின்றன. யுக்தி பிரமாதம்தான். கூரை விளக்கு எரியும் அறையில் இது நல்ல பலன் தரும். ஆனால் எதிர்ச் சுவரிலிருக்கும் ஜன்னலின் வெளிச்சம் மேலிருந்து வருவதில்லை; நேரே வருகிறது. அதற்கு முன்னால் இந்தத் திரையின் சாமர்த்தியம் பாதியாகிவிடுகிறது. யந்திரத்தின் விலையையும் திரையின் விலையையும் கூட்டிப் பார்த்தாலோ, அநேகமாகப் பெரிய டெலிவிஷனின் விலைக்கே வந்து நிற்கிறது.

நிற்க. டெலிவிஷனுக்கும் குற்றங்கள் உண்டு.

டெலிவிஷன் தன் ஒளியைத் தானே தருகிறது; அதன் முகமோ கறுப்பு. அறையின் வெளிச்சத்தை வெள்ளைச் சுவரைப்போல் அது நாலாபக்கமும் வாரி இறைப்பதில்லை. அதனால் பகலிலும் அதன் கறுப்பு பெரும்பாலும் கறுப்பாகவே இருக்கிறது. இது அதன் பெரிய பலம். ஆனால் அந்த முகம் வழவழப்பானது. கண்ணாடியைப்போல் எதிரிலிருப்பதைக் காட்டும். எதிரே ஜன்னல் இருந்தால் கதாநாயகனின் மார்பில் ஜன்னல் கம்பிகள் தெரியும். பகல் வேளையில் நிறுத்தி வைத்திருக்கும் டெலிவிஷனுக்கு முன்னால் உங்கள் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். அதில் எதெல்லாம் பிரதிபலிக்கிறதோ, அதெல்லாம் இருட்டுக் காட்சிகளில் கதைக்குள் நுழைந்துவிடும். ஆகவே ஜன்னலுக்கு நேர் எதிரில் மாட்டலாகாது. ஜன்னலை ஒட்டி அதே சுவரில் மாட்டினால் வெளிச்சம் பார்ப்பவர் கண்ணைக் கூசச் செய்யும். ஜன்னல் பக்கவாட்டில் இருக்கும்படியான சுவரே உத்தமம். பளபளப்புக் குறைந்த மங்கல் முகம் உள்ள ரகங்களும் கிடைக்கின்றன. வெளிச்ச வீட்டுக்கு அவை ஏற்றவை.

ரகங்களிலும் ஒரு பேதம் உண்டு. ஓலெட் என்ற ரகத்தில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்ந்து தானே அணைகிறது. இரவில் அதன் கறுப்புக்கு ஈடில்லை. ஆயினும் திரை முழுவதும் வெளுப்பான காட்சியில் அதன் பிரகாசம் பொதுவாகக் குறைவு. பகலில் கிரிக்கெட் பார்க்கும் வீட்டுக்கு, பின்னால் வலிமையான விளக்குகள் உள்ள எல்.இ.டி. ரகம், அதிலும் மினி எல்.இ.டி. என்று சொல்லப்படும் ரகம், அதிகப் பொருத்தம்.

அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. கூடம் கொள்ளும் மட்டும் பெரிதாக வாங்கவேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். உட்காரும் இடத்திலிருந்து சுவர் எவ்வளவு தூரம் என்பதை முதலில் அளந்துகொள்ளுங்கள். திரையின் மூலைக்கு மூலை அளவைப்போல் ஒன்றரை மடங்குக்குச் சற்று அதிகமான தூரத்தில் உட்கார்ந்தால் பார்ப்பது சுகமாக இருக்கும் என்பது பொதுவாகக் கைக்கொள்ளப்படும் கணக்கு. இதன்படி 55 அங்குலத்துக்கு ஏழேகால் அடி, 65 அங்குலத்துக்கு எட்டே முக்கால் அடி, 75 அங்குலத்துக்குப் பத்து அடி. நம் ஊர் வீடுகளில் பெரும்பாலானவற்றின் கூடம் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். மாடி வீட்டில் குடியிருப்பவர்கள் மாடிப்படியின் அகலத்தையும் திருப்பத்தையும் அளந்துகொள்வது நலம். பெரிய டெலிவிஷனைப் படுக்க வைத்துத் தூக்கலாகாது, நிமிர்த்தித்தான் கொண்டுபோகவேண்டும். லிப்டில் நுழையாமல், படியிலும் திரும்பாமல், வாசலோடு நின்றுபோகும் பெட்டியைப்போல் பரிதாபமான பொருள் வேறில்லை.

செலவை வாங்கும் விலையோடு நிறுத்திவிடக் கூடாது. 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டெலிவிஷன்களுக்கும் புரொஜெக்டர்களுக்கும் 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. வரி, 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் தேதி முதல் 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ஆகையால் வரியின் விஷயத்தில் இரண்டுக்கும் சண்டையில்லை. வித்தியாசம் பிறகுதான் வருகிறது. பழைய பாணி விளக்குள்ள புரொஜெக்டரில் அந்த விளக்கின் ஆயுள் சாதாரணமாக 3000 முதல் 5000 மணி நேரம். தினம் ஐந்து மணி நேரம் ஓடும் வீட்டில் வருஷத்துக்கு 1825 மணி ஆகிறது. இரண்டு மூன்று வருஷத்தில் புது விளக்குக்குப் பணம் எடுத்து வைக்கவேண்டும். அதற்கு முன்பே படம் மெல்ல மெல்ல மங்கிக்கொண்டு வரும். வெளிச்ச அறையில் அது இரட்டை நஷ்டம். லேசர் ரகங்களுக்கு 20,000 மணி என்று கம்பெனிகள் சொல்லுகின்றன. அவற்றின் விலையும் அதற்குத் தகுந்தாற்போல் இருக்கிறது. விளக்குள்ள யந்திரத்தில் மற்றொரு சங்கடமும் உண்டு. நிறுத்திய பிறகும் சிறிது நேரம் அதன் விசிறி ஓடிச் சூட்டைத் தணிக்கவேண்டும். மழைக்காலத்தில் திடீர் திடீரென்று மின்சாரம் நின்றுபோகும் ஊர்களில் விளக்குக்கு இது கேடு. இவை தவிர, யந்திரத்தின் சொந்தக் குரல் பெரும்பாலும் கம்மல். தனியாக ஒலிபெருக்கி வேண்டியிருக்கும். தூசிக்குப் பயந்து வடிகட்டியைச் சுத்தம் செய்துகொண்டும் இருக்கவேண்டும்.

இவ்வளவு சொன்னதிலிருந்து நமக்குப் புரொஜெக்டரின்மேல் விரோதம் என்று யாரும் எண்ணவேண்டாம். இரவுக் காட்சிக்கு அதற்கு நிகர் அதுதான். நிலவில்லாத இரவில், மொட்டைமாடியில் வெள்ளை வேஷ்டியைக் கட்டி, பாயை விரித்து, அடுத்த வீட்டுக் குழந்தைகளையும் அழைத்து ஒரு பழைய படத்தைப் போட்டால், பெரிய தியேட்டரில்கூடக் கிடைக்காத சந்தோஷம் கிடைக்கும். 100 அங்குலப் படத்தை டெலிவிஷனாக வாங்கினால் ஆகும் செலவில் சிறு பங்கைக் கொண்டே புரொஜெக்டரில் அடைந்துவிடலாம். வேலை முடிந்ததும் அலமாரியில் எடுத்து வைத்துவிடலாம். பகலெல்லாம் கூடத்துச் சுவரில் ஒரு பெரிய கறுப்புப் பலகை தொங்கிக்கொண்டிருக்காது. ஜன்னலுக்குக் கனத்த திரை போட்ட தனி அறை ஒன்று இருக்கிறவர்களும், பகலில் எல்லோரும் வேலைக்குப் போய்விட்டு இரவில் மாத்திரம் படம் பார்க்கிறவர்களும் அதைத் தாராளமாக வாங்கலாம்.

வெளிச்சமான கூடம் விஷயம்தான் வேறு. அதற்குக் காரணம் கணக்கைத் தாண்டிய ஒன்று.

நம் வீடுகளில் டெலிவிஷன் ஓடும்போது ஜனங்கள் அதை மட்டுமா பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்? பாட்டி கீரை ஆய்கிறாள். மருமகள் துணி மடிக்கிறாள். தாத்தா ஒரு கண்ணைச் செய்தியிலும் மற்றொரு கண்ணைப் பத்திரிகையிலும் வைத்திருக்கிறார். பையன் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு வீட்டுக் கணக்குப் போடுகிறான். வருகிறவர்களுக்கு அதே கூடத்தில்தான் காபி. இவர்கள் ஒவ்வொருவருக்கும் வெளிச்சம் வேண்டும். புரொஜெக்டர் வந்தால் ஜன்னலைச் சாத்தவேண்டும்; திரையை இழுக்கவேண்டும்; விளக்கை அணைக்கவேண்டும். சித்திரை வெயிலில் ஜன்னலைச் சாத்திய கூடத்தில் காற்று ஏது? ஏ.சி. போடவேண்டியதாகிறது. கீரை அடுப்பங்கரைக்குப் போகிறது. பத்திரிகை திண்ணைக்குப் போகிறது. பையன் கணக்கை மூடி வைத்துவிட்டுப் படம் பார்க்கிறான். ஒருவருடைய பொழுதுபோக்குக்காக மற்ற நால்வர் கூடத்தைக் காலி செய்யும்படி ஆகிறது. வீடு கட்டும்போது காற்றும் வெளிச்சமும் வேண்டுமென்று கொத்தனாரிடம் மன்றாடி வைத்த ஜன்னல்கள், பிறகு வருஷம் முழுவதும் சாத்தியே கிடக்கின்றன.

இந்தச் சங்கடம் எல்லா இடங்களையும்விட அதிகமாக வெளிப்படுவது வகுப்பறையில்தான். பல பள்ளிக்கூடங்களில் புரொஜெக்டர் வைத்துப் பாடம் நடத்துகிறார்கள். நல்ல காரியம். இருதயம் சுருங்கி விரிவதையும், கிரகங்கள் சுற்றுவதையும் சாக்பீஸால் எத்தனை நேரம் விளக்கினாலும் அரை நிமிஷப் படத்துக்கு ஈடாகாது. ஆனால் இருபுறமும் ஜன்னல்கள் வைத்துக் கட்டிய வகுப்பில் பகல் பன்னிரண்டு மணிக்குப் படம் போட்டால் என்ன ஆகிறது? முதல் பெஞ்சுக்காரர்கள் ஒருவாறு படித்துவிடுகிறார்கள். கடைசிப் பெஞ்சில் இருப்பவனுக்கு வெளுத்த சுவரில் வெளுத்த எழுத்துத்தான். கண் பார்வை சற்று மங்கிய குழந்தையாக இருந்தால் கேட்கவே வேண்டாம். பக்கத்திலிருப்பவன் நோட்டைப் பார்த்து எழுதுகிறது. அவன் எழுதிய பிழையையும் சேர்த்து எழுதுகிறது. சரியென்று ஜன்னல்களைச் சாத்தி விளக்கை அணைத்தால், சுவரில் எழுத்து தெரிகிறது. மடியில் நோட்டுப் புத்தகம் தெரிவதில்லை. பார்ப்பதற்கு இருட்டு வேண்டும், எழுதுவதற்கு வெளிச்சம் வேண்டும் என்றால் குழந்தை என்ன செய்யும்?

அந்தக் குழந்தைக்குத் தெரியவில்லை என்பது பெரும்பாலும் வாத்தியாருக்கும் தெரிவதில்லை. அவர் நிற்பது சுவருக்குப் பக்கத்தில். அவருக்கு எல்லாம் தெரிகிறது. "தெரிகிறதா?" என்று கேட்டால் வகுப்பு முழுவதும் "தெரிகிறது, ஸார்!" என்று ஒரே குரலில் பதில் சொல்லும். தெரியாத பையன்தான் எல்லோரையும்விட உரக்கச் சொல்லுவான். தேர்வுத்தாள் வந்த பிறகு, அவன் கவனிக்கவில்லை என்று பெற்றோருக்குக் கடிதம் போகும். ஆகவே பள்ளிக்கூடத்துக்கு நன்கொடையாக யந்திரம் வாங்கித் தர நினைக்கும் பழைய மாணவர்களுக்கு ஒரு விண்ணப்பம். வாங்குவதற்கு முன் வெயில் நேரத்தில் அந்த வகுப்புக்குப் போய்க் கடைசிப் பெஞ்சில் பத்து நிமிஷம் உட்காருங்கள். எழுத்தைப் படிக்கவேண்டிய இடத்தில், படத்தின் உயரத்தைப்போல் ஆறு மடங்குக்கு மேற்பட்ட தூரத்தில் யாரும் உட்காரக் கூடாது என்று ஒரு விதி சொல்லுகிறார்கள். 55 அங்குல டெலிவிஷனின் உயரம் இரண்டேகால் அடி. பதின்மூன்றரை அடிக்கு அப்பால் அது உதவாது. 75 அங்குலம் பதினெட்டரை அடி வரையில் உதவும். 20 அடி நீளமுள்ள வகுப்புக்கு 86 அங்குலம் வேண்டும். அதற்குப் பணம் போதாதென்றால், எல்லா வகுப்புக்கும் மங்கலான யந்திரங்கள் வாங்குவதைவிட, ஓர் அறையை மட்டும் ஒழுங்காக இருட்டாக்கி, அதில் நல்ல புரொஜெக்டர் ஒன்றை வைத்து, வகுப்புகள் முறை வைத்துக்கொண்டு அங்கே சென்று பார்ப்பது மேல். எழுதும் வேலையைப் பிறகு வெளிச்சத்தில் வைத்துக்கொள்ளலாம்.

வீட்டுக்காரர்களுக்கு நாம் கூறும் யோசனை இதுதான். கடைக்குப் போகும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவிடுங்கள். காலை பதினொன்றுக்கும் மாலை நாலுக்கும் கூடத்துச் சுவரைப் பாருங்கள். உட்காரும் இடத்திலிருந்து சுவருக்கு நாடாவால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்தில் பகலில் எத்தனை மணி, இரவில் எத்தனை மணி உங்கள் வீட்டில் படம் ஓடுகிறது என்று பிள்ளைகளை விட்டு எழுதச் சொல்லுங்கள். அவர்களுக்கும் ஒரு கணக்குப் பயிற்சியாக இருக்கும். பகல் நேரம் அதிகமென்றால், சுவரும் வெளிச்சமென்றால், சந்தேகமில்லாமல் டெலிவிஷன். இரவு மட்டுமே என்றால் புரொஜெக்டரைப் பரிசீலிக்கலாம். இரண்டும் கலந்திருந்தால், கூடத்துக்கு அளவான டெலிவிஷன் ஒன்றை வாங்கிவிட்டு, புரொஜெக்டரை இன்னொரு போனஸுக்கு விட்டுவைக்கலாம்; மொட்டைமாடி எங்கேயும் போய்விடாது.

கடையில் பார்க்கும்போது ஒரு விஷயத்தில் உறுதியாக இருங்கள். புரொஜெக்டரைக் கடைக்காரர் இருட்டறைக்குள் அழைத்துப்போய்க் காட்டுவார். கதவைத் திறந்து விளக்கையும் போடச் சொல்லுங்கள். டெலிவிஷனில் அவர் பவழப் பாறைகளையும் வர்ண மீன்களையும் காட்டுவார். இரவில் நடக்கும் தமிழ்ப் படக் காட்சி ஒன்றைப் போடச் சொல்லி, வெளிச்சமான இடத்தில் நின்று பாருங்கள். கூடவே வீட்டில் வயதில் மூத்தவரையும் அழைத்துச் செல்லுங்கள். திரையின் அடியில் ஓடும் எழுத்துக்களை அவர் கண்ணைச் சுருக்காமல் படித்தாரானால் ரசீது போடச் சொல்லலாம்.